துரை வீடு எங்கே?

போலந்திலிருந்து திரும்பிய மறுவாரம், பெங்களூர் காக்ஸ் டவுனில் இருக்கும் பெரியம்மாவைப் பார்க்கப் போயிருந்தபோது, மூன்று வார அலுவலகப் பயணத்தில் எடுத்த படங்களைக் கைப்பேசியில் ஒவ்வொன்றாக அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். வார்சாவின் பழைய சதுக்கம், டிராம் வண்டி, தேவாலயங்கள் என்று எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு 'உம்' கொட்டிக்கொண்டு வந்தவர், மரங்களுக்கு நடுவே கொடி படர்ந்த வெள்ளைச் சுவரும், வாசலில் இரண்டு தூண்கள் தாங்கிய சிறு முகப்புமாக நின்ற ஒரு வீட்டின் படம் வந்ததும் என் விரலைப் பிடித்து நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுபோய்ச் சற்று நேரம் பார்த்தார்.

"ஊடு நல்லாத்தான் கீது. தொர ஊடு எங்கடா?"

"இதுதான் பெரியம்மா தொர ஊடு. இப்போ மியூசியமா வெச்சிருக்காங்க."

"போடா. இது அவுட் ஹவுஸ். கூரை எவ்ளோ தாழ கீது பாரு. தொர ஊடு தனியா பெருசா இருந்திருக்கும்."

அவர் சொன்னது முற்றிலும் சரி. அங்கே போவதற்கு முன்பு நானும் அதை ஒரு பிரபுவின் மாளிகை என்றுதான் நினைத்திருந்தேன். அங்கு போய்ப் படித்த பிறகே உண்மை தெரிந்தது. பெரியம்மாவுக்கு அரை நிமிடம் போதுமாக இருந்தது. திருமணமாகும்வரை, பங்களாவின் பின்கட்டில் வேலைக்காரர்கள் குடியிருக்கும் ஓர் அவுட் ஹவுஸில் வளர்ந்தவர் அவர்.

அந்த வீடு இருக்கும் ஊரின் பெயர் ஜெலாசோவா வோலா. வார்சாவுக்கு மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், மசோவியா சமவெளியில், உத்ராத்தா என்ற சிற்றாற்றின் கரையில் அமைந்த சின்னஞ்சிறு கிராமம். சொகாச்செவ் என்ற ஊர்வரை ரயிலில் போய், அங்கிருந்து சில கிலோமீட்டர் சாலைவழியே போக வேண்டும். வழியெங்கும் தட்டையான வயல்கள். வரப்போரங்களில், கிளைகளை அவ்வப்போது கழித்துவிடுவதால் தலை பெருத்து, நம்மூரில் ஆட்டுக்குத் தழை ஒடித்துவிட்ட பூவரச மரங்களைப்போல மொட்டையாக நிற்கும் வில்லோ மரங்கள். இந்த ஊரில்தான் 1810ஆம் ஆண்டு இசையமைப்பாளர் ஃபிரெடெரிக் ஷோப்பன் பிறந்தார். பியானோ இசையில் அக்கறை இல்லாதவர்கள்கூட வார்சாவில் இறங்கும் விமான நிலையத்துக்கு அவர் பெயர்தான் வைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிக்காமல் வெளியே வர முடியாது.

அந்தப் பண்ணை ஸ்கார்பெக் என்ற பிரபுக் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. கணவர் காஸ்பெர் ஸ்கார்பெக் கடன் தொல்லையால் குடும்பத்தை விட்டு அகன்றுவிட, மனைவி லுத்விகா ஸ்கார்பெக் தனியாக நின்று பண்ணையையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டோடு தங்கிப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்தவர் நிக்கோலா ஷோப்பன். பிரான்சின் லொரேன் பகுதியில், மாரன்வில் என்ற சிற்றூரில் பிறந்து, பதினாறு வயதில் போலந்துக்குப் பிழைக்க வந்தவர் அவர். அதே வீட்டில், எஜமானியின் ஏழை உறவினராக, வீட்டு நிர்வாகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தவர் யுஸ்தினா கிஷிஷனோவ்ஸ்கா. பணமில்லாத வாத்தியாருக்கும் பணமில்லாத உறவுக்காரப் பெண்ணுக்கும் 1806இல், அருகிலுள்ள புரொஹூவ் கிராமத்துத் தேவாலயத்தில் திருமணம் நடந்தது. தம்பதியர் தங்குவதற்கு எஜமானி கொடுத்த இடந்தான் மாளிகையை ஒட்டிய பக்கவாட்டுக் கட்டடம். போலந்து மொழியில் அத்தகைய கட்டடத்துக்கு 'ஒஃபிட்சினா' என்று பெயர். பெங்களூர் தண்டுப் பகுதியில், அதாவது கன்டோன்மென்டில், வளர்ந்த தமிழர்களுக்கு அதைத் தமிழில் சொல்ல வேண்டுமென்றால் 'அவுட் ஹவுஸ்' என்றால் போதும்.

முதல் பெண் குழந்தைக்கு லுத்விகா என்று பெயர். எஜமானியின் பெயரும் அதுவே. இரண்டாவதாகப் பிறந்த ஆண் குழந்தைக்கு ஞானத்தந்தை, வாத்தியாரிடம் படித்த சின்ன எஜமான் ஃபிரெடெரிக் ஸ்கார்பெக். பிள்ளையின் பெயரும் அதுவாகவே அமைந்தது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் மாமா ஒருவரை இன்றும் குடும்பத்தில் எல்லோரும் ஜானி என்றுதான் கூப்பிடுகிறோம். ரேஷன் அட்டையில் அவர் பெயர் ஜானகிராமன். தாத்தா வேலைபார்த்த பங்களாவின் துரைசாணி வாயில் நுழைந்தது முதல் பாதி மட்டுமே.

பிறந்த தேதியிலும் ஒரு தகராறு உண்டு. புரொஹூவ் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் பிப்ரவரி 22 என்று எழுதியிருக்கிறது. ஷோப்பனின் குடும்பத்தாரோ மார்ச் 1 என்றே கடைசிவரை கொண்டாடினார்கள். ஞானஸ்நானம் நடந்தது ஏப்ரல் 23ஆம் தேதி. இரண்டு மாதம் கழித்துப் பதிவேட்டின் முன் நிற்கும் தகப்பனார் நாளைத் தவறாகச் சொல்லியிருக்கலாம் என்பது பலருடைய கருத்து. பள்ளியில் சேர்ப்பதற்காகத் தலைமையாசிரியர் போட்டுக்கொடுத்த ஜூன் மாதப் பிறந்த நாளோடு ஓய்வூதியம்வரை வாழ்ந்து முடிக்கும் நம்மவர்களுக்கு இது ஒரு சிக்கலாகவே தோன்றாது.

அதே 1810இன் இலையுதிர் காலத்தில், வார்சா லைசியம் பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியர் வேலை கிடைத்ததால், நிக்கோலா குடும்பத்தோடு நகரத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டார். அதாவது ஷோப்பன் இந்த வீட்டில் வாழ்ந்தது குப்புற விழுந்து தவழத் தொடங்கும் பருவம் வரைக்குந்தான். பிற்பாடு விடுமுறைகளில் இந்தப் பண்ணைக்கு வந்து போயிருக்கிறார். 1830 நவம்பர் 2ஆம் தேதி வார்சாவிலிருந்து வெளிநாடு புறப்பட்டவர், அந்த மாத இறுதியில் ரஷ்ய ஆட்சிக்கு எதிரான எழுச்சி வெடித்து அடக்கப்பட்டபின், திரும்பி வரவே இல்லை. 1849 அக்டோபர் 17 அன்று பாரிசில் இறந்தார். ஏழெட்டு மாதம் தொட்டிலில் கிடந்த ஓர் இடத்தை ஒரு நாடே புனிதத் தலமாக ஆக்கிக்கொண்டது எப்படி என்ற கேள்விதான் அங்கே நின்றபோது என்னை அரித்துக்கொண்டிருந்தது.

பெரியம்மா தேடிய துரை வீடு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தீயில் அழிந்துபோயிற்று. எஞ்சிய அவுட் ஹவுஸ் கைமாறிக் கைமாறி, கடைசியில் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1891இல் ரஷ்ய இசையமைப்பாளர் மீலி பலாகிரெவ் ஷோப்பனின் பிறந்த இடத்தைத் தேடி வந்தபோதுதான் அந்த வீட்டின் நிலை வெளியுலகின் கவனத்துக்கு வந்தது. அவருடைய முயற்சியால் 1894இல் தோட்டத்தில் ஒரு நினைவுத் தூண் எழுப்பப்பட்டது. போலந்தை அடக்கி ஆண்ட நாட்டைச் சேர்ந்த ஒருவர் வந்து போலந்துக்காரர்களுக்கு அவர்களுடைய கலைஞரின் வீட்டை நினைவூட்ட வேண்டியிருந்தது என்பது சற்று வேடிக்கைதான். அந்தத் தூணில் ஷோப்பனின் பெயரைப் பிரெஞ்சு முறைப்படி எழுதாமல், காதில் விழும் ஒலிக்கேற்பப் போலந்து எழுத்துக்கூட்டலில் செதுக்கியிருக்கிறார்கள். தமிழில் நாம் வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் முறையும் இதுதானே என்று எனக்கு அந்தக் கல்லின்மேல் உடனே ஓர் ஒட்டுதல் உண்டாகிவிட்டது.

ஆனால் தூண் எழுந்ததே ஒழிய, வீடு காப்பாற்றப்படவில்லை. 1918இல் போலந்து மீண்டும் சுதந்திர நாடாகி, பத்தாண்டுகள் கழித்து, 1928இல்தான் ஷோப்பன் அன்பர்கள் அமைத்த குழுவினர் வீட்டையும் சுற்றியிருந்த நிலத்தையும் விலைக்கு வாங்கினார்கள். 1930களில் ஃபிரான்சிஷெக் கிஷிவ்தா-பொல்கோவ்ஸ்கி என்ற தோட்டக் கலைஞரின் திட்டப்படி வீட்டைச் சுற்றிப் பெரிய பூங்கா உருவானது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் செடிகளும் மரக்கன்றுகளும் நன்கொடையாக வந்தன. அதே காலத்தில்தான் அவுட் ஹவுஸுக்கும் ஒரு குட்டி மாளிகையின் முகம் அளிக்கப்பட்டது.

இந்த முகம் என்ன என்பதைச் சற்று விளக்க வேண்டும். போலந்தின் நாட்டுப்புறப் பிரபுக்கள் வாழ்ந்த வீட்டை 'த்வூர்' என்பார்கள். அரண்மனையின் பகட்டு அதில் இராது. பெரும்பாலும் ஒற்றைத் தளம். மரத்தாலோ செங்கல்லாலோ கட்டிச் சுண்ணாம்பு பூசிய வெள்ளைச் சுவர். பனி வழிந்தோட உயர்ந்து சரிந்த கூரை. நடுவில் தூண்கள் தாங்கிய 'கானெக்' என்னும் முகப்பு. கானெக்கில் இருபுறமும் பெஞ்சு போட்டு உட்கார்ந்து வருவோர் போவோரை வரவேற்பது வழக்கம் என்று கேள்விப்பட்டதும், நம் திண்ணையைத்தான் தூண் வைத்துத் தூக்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். 1795க்குப் பிறகு ரஷ்யா, பிரஷியா, ஆஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகளும் நாட்டையே வரைபடத்திலிருந்து துடைத்துவிட்ட 123 ஆண்டுகளில், மொழியும் பழக்கவழக்கங்களும் எழுச்சிகளின் நினைவும் இத்தகைய வீடுகளுக்குள்ளேதான் பாதுகாக்கப்பட்டன என்பது போலந்துக்காரர்களின் ஆழ்ந்த நம்பிக்கை. அதனால் சுதந்திரம் கிடைத்ததும் பள்ளிக்கூடங்களையும் ரயில் நிலையங்களையும்கூட இந்தத் த்வூர் பாணியில் கட்டத் தொடங்கினார்கள். அப்படிப்பட்ட காலத்தில் தேசத்தின் மாபெரும் கலைஞன் பிறந்த இடம் வாத்தியாரின் குடியிருப்பாகத் தோற்றமளிப்பதை யாரால் ஒப்புக்கொள்ள முடியும்? வேலைக்காரர் பகுதி எஜமான் வீட்டின் உடுப்பை அணிந்துகொண்டது அப்படித்தான்.

இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உண்மை என்றும் சொல்ல மாட்டேன். த்வூர் என்ற சொல்லைக் கேட்டதும் கண் கலங்கும் போலந்துக்காரர்கள் உண்டு. அந்த வெள்ளைச் சுவருக்கு வெளியே நின்றவர்களைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சு சற்றுக் குறையும். பிரபுவின் நிலத்தில் வாரத்தில் இத்தனை நாள் என்று குடியானவர்கள் கூலியில்லாமல் உழைத்தாக வேண்டும் என்ற ஏற்பாடு, நம்மூர் வெட்டி வேலையைப்போல, நூற்றாண்டுகளாக நீடித்திருந்தது. ஷோப்பன் பிறப்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1807இல், நெப்போலியன் அமைத்த வார்சா பிரபுநாட்டில் குடியானவர்களுக்குத் தனிமனித விடுதலை அறிவிக்கப்பட்டது. ஆனால் நிலம் பிரபுவிடமே இருந்தது. "காலிலிருந்து விலங்கைக் கழற்றும்போது பூட்சையும் சேர்த்துக் கழற்றிக்கொண்டார்கள்" என்று அந்தச் சட்டத்தைப் பற்றி ஒரு சொலவடையே உண்டு. ரஷ்ய ஆட்சிப் பகுதியில் உழுதவர்களுக்கு நிலம் கிடைத்தது 1864இல்தான். அதுவும் ஜார் மன்னரின் ஆணையால்.

கடைசி அடி 1944 செப்டம்பர் 6ஆம் தேதி விழுந்தது. புதிய கம்யூனிஸ்ட் நிர்வாகத்தின் நிலச் சீர்திருத்த ஆணை, 50 ஹெக்டேருக்கு மேல் விளைநிலம் கொண்ட பண்ணைகளை இழப்பீடின்றி எடுத்துக்கொண்டது. நம் கணக்கில் 120 ஏக்கருக்குச் சற்று மேல். எடுக்கப்பட்டது வயல் மட்டுமன்று. வீடும், வீட்டிலிருந்த மேசை நாற்காலிகளும், நூலகமும் போயின. த்வூர்கள் பள்ளிகளாகவும் மருந்தகங்களாகவும் அரசுப் பண்ணைகளின் அலுவலகங்களாகவும் மாறின; பல வீடுகள் கூரை ஒழுகி, விட்டம் உளுத்து, தாமாகவே விழுந்தன. அருங்காட்சியகமாகிப் பிழைத்தவை கொஞ்சந்தான். எழுத்தாளர் ஹென்ரிக் சியென்கியேவிச்சுக்கு மக்கள் பணம் திரட்டி 1900இல் பரிசளித்த ஒப்லெங்கோரெக் வீடு அவற்றில் ஒன்று. அதைப் பார்க்க எனக்கு வாய்க்கவில்லை.

ஜெலாசோவா வோலாவின் அவுட் ஹவுஸுக்குப் போர்க்காலத்திலும் அடி பலமாகவே விழுந்தது. ஜெர்மானியர் ஆக்கிரமிப்பில் வீடு சூறையாடப்பட்டது. ஷோப்பனின் இசையைப் பொதுமேடையில் வாசிப்பதற்கே தடை இருந்தது. ஷோப்பனின் உடல் பாரிசில் இருக்க, அவர் விருப்பப்படி இதயத்தை மட்டும் அக்கா லுத்விகா வார்சாவுக்குக் கொண்டுவந்திருந்தார். திருச்சிலுவைத் தேவாலயத்தின் தூண் ஒன்றுக்குள் வைத்திருந்த அந்த ஜாடியை 1944 எழுச்சியின்போது ஜெர்மானியர் எடுத்துப்போய்ப் பின்பு திருப்பிக் கொடுத்தார்கள். போர் முடிந்ததும், 1945 அக்டோபர் 17ஆம் தேதி, அதாவது அவருடைய நினைவு நாளன்று, அது இந்த ஊர் வழியாகவே வார்சாவுக்குத் திரும்பியது.

உள்ளே போய்ப் பார்ப்பதற்கு அதிகம் இல்லை என்பதுதான் அந்த வீட்டின் நேர்மை. ஷோப்பன் குடும்பம் பயன்படுத்திய தட்டுமுட்டுச் சாமான்கள் எவையும் அங்கே எஞ்சவில்லை. தாழ்ந்த கதவுகள், மேலே மரவிட்டங்கள், தடித்த சுவர்களால் குளிர்ந்து கிடக்கும் சிறு அறைகள். தாயின் அறை என்று சொல்லப்படும் இடத்தில், சுவருக்குள் குழிந்த ஒரு மாடம்போன்ற பகுதி இருக்கிறது. கட்டில் போட்டால் சரியாக அடங்கும் அளவு. குழந்தை பிறந்தது அங்கேதான் என்பது வழிவழியாக வரும் பேச்சு. பூங்கா வாசலில் 2010ஆம் ஆண்டு, இருநூறாவது பிறந்த ஆண்டையொட்டிக் கட்டிய கண்ணாடிக் கட்டடங்களைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் இல்லை. நல்ல காப்பி கிடைத்தது என்பதோடு அதை விட்டுவிடுகிறேன்.

நான் போனது ஞாயிற்றுக்கிழமை. மே முதல் செப்டம்பர் வரை ஞாயிறுதோறும் அங்கே பியானோக் கச்சேரி நடக்கும். வாசிப்பவர் வீட்டுக்குள்ளே இருக்கிறார். கேட்பவர்கள் வெளியே மரத்தடியில், பெஞ்சுகளில். எனக்குக் கிடைத்த இடத்திலிருந்து வாசிப்பவரின் கைகூடத் தெரியவில்லை. திறந்த சன்னல் வழியே ஒரு மஸூர்க்கா வெளியே வந்தது. நாட்டுப்புறக் கூத்தின் தாளத்தைப் பியானோவுக்குக் கொண்டுவந்து, முதல் தட்டில் விழ வேண்டிய அழுத்தத்தை இரண்டாவதுக்கோ மூன்றாவதுக்கோ தள்ளிவிடும் துண்டு இசை அது. முன்வரிசையில் ஒரு குழந்தை அழுதது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு விரலால் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தார். மயிலாப்பூர் சபாவில் பார்த்த அதே விரல்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் என் தாத்தா பட்லராக இருந்த பங்களா எனக்குப் படத்தில் மட்டுமே பழக்கம். ஷோப்பன் பிறப்பதற்கு ஓராண்டு முன்பு, 1809இல், ஆங்கிலேயர் பெங்களூரில் தண்டு அமைத்தார்கள். அதைச் சுற்றி வளர்ந்த பகுதிகளில் இத்தகைய பங்களாக்கள் நூற்றுக்கணக்கில் எழுந்தன. சன்னலுக்கும் வாசலுக்கும் மேலே கூர்முனைத் தொப்பி கவிழ்த்தாற்போல மரச்சட்டங்களாலான ஒரு மறைப்பு இருக்கும். 'மங்கி டாப்' என்பார்கள். வெயில் அதன் இடுக்குகளில் அரிக்கப்பட்டுத் தரையில் கோடு கோடாக விழும். பின்கட்டில், கிணற்றைத் தாண்டி, மங்களூர் ஓடு வேய்ந்த இரண்டு அறைகள். ஒன்றில் சமையல், இன்னொன்றில் தாத்தா, பாட்டி, ஐந்து பிள்ளைகள். பங்களாவில் இருந்தது ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி ஒருவரின் ஆங்கிலோ இந்தியக் குடும்பம். 1960களில் அவர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். வீட்டை வாங்கியவர்கள் இரண்டையும் சேர்த்தே இடித்தார்கள். இப்போது அங்கே நான்கு மாடி அடுக்ககம். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் ஒரு பட்டர் ஃப்ரூட் மரம் மட்டும் நிற்கிறது; பெரியம்மாவின் கணக்குப்படி அது அவுட் ஹவுஸின் சமையலறைச் சன்னலுக்கு நேரே இருந்த மரம்.

இதெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது, அந்தக் கச்சேரியில் நான் பதிவுசெய்த ஐந்து நிமிட இசை கைப்பேசியில் இருப்பது நினைவுக்கு வந்தது. துரைசாணியும் சாயங்காலத்தில் பியானோ வாசிப்பார் என்று பெரியம்மா முன்பே சொல்லியிருக்கிறார். பிள்ளைகளுக்குப் பங்களாவுக்குள் போக அனுமதி கிடையாது, கிணற்றங்கரையில் உட்கார்ந்து கேட்பார்களாம். நான் ஒலியை முழுவதும் ஏற்றி வைத்துக் கைப்பேசியை அவர் கையில் கொடுத்தேன்.

கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இவ்ளோ சத்தம் எதுக்குடா?" என்றார்.

எந்தப் பொத்தான் என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒலியைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தார். நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு ஏறக்குறைய ஒன்றும் கேட்காத அளவுக்கு வந்ததும் எழுந்து போய், கைப்பேசியைச் சன்னல் திண்டில் வைத்துவிட்டு, கூடத்தின் மறுகோடியிலிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"இவ்ளோதான் கேக்கும்" என்றார்.